முத்தாகி பேசிய அறையும் வெளியே நிறுத்தப்பட்ட பெண்களும்

நொய்யல் எழுதியது:

இந்த மன்றத்தின் வேறோர் இழையில் பொருநைக்கரையான் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. அவர் எழுதியது இது: "தலிபானுடன் பேசுவது இந்திய ராஜதந்திரத்தின் முதிர்ச்சி. அக்டோபர் 10 செய்தியாளர் சந்திப்பில் பெண்களை விடாததற்கும் இந்தியாவுக்கும் துளியும் சம்பந்தம் இல்லை. அது அவர்களுடைய அறை."

நடந்ததைக் கவனிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தலிபான் அரசின் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி 2025 அக்டோபர் 9 அன்று டெல்லிக்கு வந்தார். அவர் மீது ஐ.நா.வின் பயணத் தடை உள்ளது. பாதுகாப்பு மன்றத்தின் தடைக் குழு விலக்கு அளித்த பிறகே வர முடிந்தது. மறுநாள் ஜெய்சங்கரைச் சந்தித்தார். அதே நாளில் டெல்லி ஆப்கன் தூதரகத்தில் செய்தியாளர்களைச் சந்தித்தார். உள்ளே ஒரு பெண் செய்தியாளர்கூட இல்லை.

காபூலில் நடந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன், வியந்திருக்க மாட்டேன். இது நடந்தது இந்தியத் தலைநகரில். ஒரு பெண் செய்தியாளர் தன் சொந்த நாட்டின் தலைநகரத்தில், தன் நாட்டு அரசின் விருந்தாளியிடம் கேள்வி கேட்க முடியாமல் போனதற்கு நாட்டுக்குச் சம்பந்தம் இல்லையாம். என் கேள்வி ஒன்றுதான். அவரை அழைத்தது யார்?

பொருநைக்கரையான் எழுதியது:

நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. அறை யாருடையது? ஆப்கன் தூதரகத்துடையது. அதற்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று இந்திய அரசு பட்டியல் போட முடியாது. அந்தச் சந்திப்பில் தனக்குப் பங்கு இல்லை என்று வெளியுறவு அமைச்சகம் மறுநாளே சொல்லிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1996 செப்டம்பரில் காபூல் தலிபான் கையில் விழுந்தபோது நாம் தூதரகத்தை இழுத்து மூடிவிட்டு வந்தோம். அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர்களோடு பேச்சே கிடையாது. கொள்கையில் உறுதியாக நின்றோம் என்று மார்தட்டிக்கொண்டோம். 1999 டிசம்பர் 24 அன்று ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டுக் கடைசியில் கந்தஹாரில் போய் நின்றது. அந்த ஊரில் நமக்காகப் பேச ஒரு நாதி இல்லை. விமானத்தைச் சுற்றித் தலிபானின் ஆயுதமேந்திய ஆட்கள். கமாண்டோக்களை இறக்கவும் வழியில்லை. வருடத்தின் கடைசி நாளில் மசூத் அசார் உட்பட மூன்று பேரை நம் வெளியுறவு அமைச்சர் தன் விமானத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார். பேச்சு இல்லாத உறவுக்கு நாம் கொடுத்த விலை அது.

2021-இல் அந்தப் பாடம் நினைவில் இருந்தது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது, ஆட்களைப் பத்திரமாக மீட்டோம். அதே ஆகஸ்ட் 31 அன்று தோஹாவில் நம் தூதர் தலிபான் தலைவர்களில் ஒருவரான ஸ்டானிக்சாயைச் சந்தித்தார். 2022 ஜூனில் காபூலுக்கு ஒரு தொழில்நுட்பக் குழு மட்டும் போனது. 2025 ஜனவரி 8 அன்று துபாயில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி முத்தாகியைச் சந்தித்தார். பஹல்காம் தாக்குதலைத் தலிபான் கண்டித்த பிறகு, மே 15 அன்று ஜெய்சங்கர் தொலைபேசியில் பேசினார். இப்போது அக்டோபர் 21 அன்று அந்தத் தொழில்நுட்பக் குழு தூதரகமாகியிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறோம். இதில் அவசரம் எங்கே இருக்கிறது, சரணாகதி எங்கே இருக்கிறது?

கடலோடி எழுதியது:

கேட்டது அக்டோபர் 10. நீங்கள் 1996-இல் தொடங்கி எல்லாத் தேதிகளையும் சொல்லிவிட்டு அந்த ஒரு தேதியை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள். வழக்கம்தானே.

பொருநைக்கரையான் எழுதியது:

முதல் பத்தியே அக்டோபர் 10 பற்றியது, கடலோடி. படித்துவிட்டு எழுதுங்கள். மாலத்தீவு இழையிலும் படிக்காமல்தான் வந்தீர்கள். அப்போது கேட்ட கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை.

சட்டக்கல்லூரி மாணவன் எழுதியது:

ஐயா, அம்மா, இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. ஓர் அரசை அங்கீகரிப்பது வேறு, தூதரக உறவு வைத்துக்கொள்வது வேறு, வெறும் தொடர்பில் இருப்பது வேறு. 2025 ஜூலையில் ரஷ்யா தலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்தது, அப்படிச் செய்த ஒரே நாடு அதுதான். சீனா அங்கீகாரம் என்று அறிவிக்காமலே 2024 ஜனவரியில் தலிபான் தூதரின் நியமனப் பத்திரத்தை ஏற்றது. இந்தியா இந்த இரண்டையும் செய்யவில்லை. காபூலில் உள்ள தன் அலுவலகத்தின் தரத்தை மட்டும் உயர்த்தியிருக்கிறது.

அறை விஷயத்தில், 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவுப்படி தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் நம் அதிகாரிகள் உள்ளே நுழைய முடியாது. அதற்காக அந்த இடம் ஆப்கன் மண்ணாகிவிடாது. 41-ஆம் பிரிவு, சலுகை பெற்ற வெளிநாட்டவர் தாம் இருக்கும் நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும் என்கிறது.

பொருநைக்கரையான் எழுதியது:

நுழைய முடியாது. தம்பியே சொல்லிவிட்டார். போதும்.

நொய்யல் எழுதியது:

ஆப்கன் மண் இல்லை. தம்பியே சொல்லிவிட்டார். எனக்கும் அது போதும்.

சட்டக்கல்லூரி மாணவன் எழுதியது:

இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

பொருநைக்கரையான் எழுதியது:

சேர்த்துத்தான் படித்தேன் தம்பி. பெண் செய்தியாளரை அழைக்காமல் இருப்பது எந்த இந்தியச் சட்டத்தின்படி குற்றம்? பிரிவைச் சொல்லுங்கள். ஒருவர் தன் இடத்தில் நடத்தும் சந்திப்புக்கு யாரை அழைக்கிறார் என்பது அவர் விருப்பம். வீட்டை வாடகைக்குக் கொடுத்தவன், குடியிருப்பவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் "என் தங்கையை ஏன் கூப்பிடவில்லை" என்று சண்டை போட முடியுமா? நொய்யல் அம்மாவுக்குக் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்தான். ஆனால் கோபம் வெளியுறவுக் கொள்கை ஆகாது.

நொய்யல் எழுதியது:

வாடகை உவமைக்கு நன்றி, அது உங்கள் தலையிலேயே விழுகிறது. குடியிருப்பவர் யார் என்று முடிவாகவே இல்லையே! அந்தக் கட்டடம் பழைய ஆப்கன் குடியரசின் தூதரகம். தூதர் 2023 நவம்பரில் மூடிவிட்டுப் போனார். அதன் பிறகு மும்பை, ஹைதராபாத் துணைத் தூதர்கள் பொறுப்பெடுத்து நடத்தினார்கள். முத்தாகி வந்த அன்றும் கட்டடத்தில் பறந்தது குடியரசின் மூவண்ணக் கொடி. அவர் முன்னால் மேசையில் இருந்தது தலிபானின் சிறிய வெள்ளைக் கொடி. இந்தியா தலிபானை அங்கீகரிக்கவில்லை என்று நீங்கள்தான் இழைக்கு இழை சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். நாம் அங்கீகரிக்காத ஓர் அரசுக்கு, வேறொரு கொடி பறக்கும் கட்டடத்தில் "அவர்களுடைய அறை" எங்கிருந்து வந்தது? அறை அவர்களுடையது என்றால் அங்கீகரித்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அங்கீகரிக்கவில்லை என்றால் அறை அவர்களுடையது அல்ல. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

அன்று அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த ஓவியம் எது தெரியுமா? பாமியான் புத்தர் சிலைகள். 2001 மார்ச்சில் இதே இயக்கம் வெடி வைத்துத் தகர்த்த சிலைகள். அந்தச் சுவரே சொல்கிறது, அறை யார் கட்டியது என்று.

கடலோடி எழுதியது:

இதற்குப் பதில் வராது. 1996-இலிருந்து மறுபடி தொடங்குவார்.

பொருநைக்கரையான் எழுதியது:

பதில் வருகிறது. கொடியை வைத்துச் சட்டம் பேசக் கூடாது. டெல்லியில் அரசு விருந்தினரைச் சந்திக்கும் ஹைதராபாத் இல்லத்தில் ஜெய்சங்கர் முத்தாகியைச் சந்தித்தபோது எந்தக் கொடி இருந்தது? ஆப்கன் பக்கம் எந்தக் கொடியும் இல்லை. அங்கேதான் இந்திய அரசின் அறை இருந்தது, அங்கே இந்திய அரசின் விதி நடந்தது. தூதரகத்தில் அவர்கள் விதி நடந்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மூவண்ணமும் வெள்ளையும் தேவையில்லை. யார் கையில் சாவி இருந்தது என்பதே கேள்வி. சாவி அவர்கள் கையில் இருந்தது. அறை அவர்களுடையது.

இந்த ஓர் அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால்தான் நாடு தெரியும். கூட்டறிக்கையில் "ஜம்மு காஷ்மீர், இந்தியா" என்று காபூல் கையொப்பத்தோடு வந்தது. அதற்காகவே பாகிஸ்தான் தன் நாட்டிலிருக்கும் ஆப்கன் தூதரை அழைத்துக் கண்டித்தது. இஸ்லாமாபாத் முப்பது ஆண்டு வளர்த்த பிள்ளை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஹெராத்தில் நாம் கட்டிய சல்மா அணை, 42 மெகாவாட், 2016-இல் திறந்தது. ஜரஞ்சிலிருந்து டெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை. காபூலில் நாடாளுமன்றக் கட்டடம். 34 மாகாணங்களிலும் திட்டங்கள், 300 கோடி டாலருக்கு மேல் முதலீடு. உங்கள் கோபத்துக்காக இவை அத்தனையையும் சீனாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா?

நொய்யல் எழுதியது:

கொடுத்துவிட்டு வாருங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? பேசுங்கள், அணையைப் பாருங்கள், கோதுமை அனுப்புங்கள். நான் கேட்டது விருந்தாளியை அழைத்தவர் யார் என்று.

விருதுநகர் வியாபாரி எழுதியது:

நான் அரசியல் அதிகம் பேசுவதில்லை. ஆனால் தூதரகம் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் பெருங்காயம். பச்சைப் பிசின் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. மூட்டையைப் பிரித்தால் பாதி இளகியும் பாதி இறுகியும் செம்பழுப்பாக இருக்கும். கையில் ஒட்டினால் நான்கு முறை சோப்பு போட்டாலும் வாடை போகாது. அதோடு மாவும் கோந்தும் சேர்த்து இடித்துத்தான் கட்டியும் தூளும் ஆகிறது. நீங்கள் ரசத்தில் போடுவது அந்தக் கலவைதான்.

பஹல்காமுக்குப் பிறகு பாகிஸ்தானுடனான அட்டாரி எல்லை மூடப்பட்டபோது சரக்கெல்லாம் அந்தரத்தில் நின்றது. மே மாதம் 160 ஆப்கன் லாரிகளுக்கு மட்டும் நம் அரசு விசேஷ அனுமதி கொடுத்தது. உலர் திராட்சையும் அத்தியும் அழுகுவதற்கு முன் உள்ளே வந்தது அப்படித்தான். காபூலில் பேச ஆள் இருந்ததால் நடந்தது. கப்பல் வழி என்றால் ஈரானின் சாபஹார் துறைமுகம். அதற்கு அமெரிக்கா கொடுத்திருந்த தடை விலக்கும் 2025 செப்டம்பர் 29 அன்று ரத்தானது. எங்கள் கஷ்டம் எங்களுக்கு.

கடலோடி எழுதியது:

ரசத்தில் பெருங்காயம் குறையக் கூடாது என்பதற்காக ஆப்கன் பெண் குழந்தை ஆறாம் வகுப்போடு வீட்டில் உட்கார வேண்டும். நன்றாக இருக்கிறது உங்கள் கட்சி.

விருதுநகர் வியாபாரி எழுதியது:

நான் அப்படிச் சொல்லவில்லை. வாயில் வந்ததையெல்லாம் என் வாயில் திணிக்காதீர்கள். என் இரண்டு பெண்களும் பட்டதாரிகள். பிசின் கீறி எடுப்பவன் மலைக்காட்டுக் கூலிக்காரன், தலிபான் அல்ல. அவன் அடுப்பு எரிவதும் இந்த வியாபாரத்தால்தான்.

பொருநைக்கரையான் எழுதியது:

வியாபாரி அண்ணன் சொன்னதில் இருக்கும் நாட்டு நலன், இந்த இழையில் வேறு எந்தப் பதிவிலும் இல்லை.

கடலோடி எழுதியது:

ஈரானிலும் பெருங்காயம் விளைகிறது. இமயமலையில் லாஹுல் பள்ளத்தாக்கில் 2020-இல் நம் விஞ்ஞானிகளே நட்டுவிட்டார்கள். தலிபான் இல்லாமல் ரசம் வைக்க முடியாது என்ற கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.

விருதுநகர் வியாபாரி எழுதியது:

நட்டுவிட்டார்கள், சரி. அந்தச் செடி பிசின் தரவே ஐந்து வருடம் போல ஆகும். சந்தைக்கு எத்தனை மூட்டை வந்தது என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். நாற்று நட்ட புகைப்படத்தை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது.

நெறியாளர் எழுதியது:

பெருங்காயத்துக்குச் சமையல் பகுதியில் இடம் இருக்கிறது. இழையின் பொருளுக்குத் திரும்புங்கள்.

பரங்கிமலைக்காரர் எழுதியது:

முன்னாள் ராணுவத்தான். இரண்டு பேரிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

சென்னை அதிகாரிகள் பயிற்சி மையத்துக்கு 2017-இலிருந்து ஆப்கன் ராணுவப் பெண் அதிகாரிகள் குழு குழுவாகப் பயிற்சிக்கு வந்தார்கள். பரங்கிமலை மைதானத்தில், சென்னை வெயிலில், தலையில் துணி கட்டி அதன் மேல் தொப்பி வைத்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சேர்ந்த ராணுவமே இன்று இல்லை. அவர்கள் எங்கே என்று இந்த நாடு ஒருமுறையாவது கேட்டதா? பயிற்சி கொடுத்தோம், புகைப்படம் எடுத்தோம், மறந்தோம்.

இன்னொன்று. 2008 ஜூலை 7 அன்று காபூலில் நம் தூதரக வாசலில் கார் குண்டு. பிரிகேடியர் மேத்தா, தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவ், எல்லைக் காவல் வீரர்கள், விசாவுக்கு வரிசையில் நின்ற ஆப்கன் மக்கள் என்று ஐம்பதுக்கு மேல் சாவு. ஹக்கானி கும்பலின் வேலை என்று சொல்லப்பட்டது. அந்தக் கும்பலின் தலைவர் சிராஜுதீன் ஹக்கானி இன்று காபூலில் உள்துறை அமைச்சர். நாம் திறந்திருக்கும் தூதரகத்துக்குக் காவல் போடப் போவது அவருடைய அமைச்சகம். பொருநைக்கரையான் இதற்கு என்ன சொல்கிறார்?

பொருநைக்கரையான் எழுதியது:

ஐயாவின் சேவைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் உணர்ச்சியை வைத்து எல்லையைக் காக்க முடியாது என்பது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2008-இல் அந்தக் குண்டை ஏவியது ராவல்பிண்டி, அதாவது பாகிஸ்தான் ராணுவத் தலைமை. இன்று அதே ராவல்பிண்டியோடு காபூல் துப்பாக்கிச் சண்டை போடுகிறது. முத்தாகி டெல்லியில் இருந்த அதே வாரம் எல்லையில் மோதல் வெடித்தது. அக்டோபர் 19 அன்று தோஹாவில் போர்நிறுத்தம் பேச வேண்டி வந்தது. நேற்றைய கருவி இன்று எஜமானனையே திருப்பித் தாக்கும்போது அந்தப் பிளவில் கை வைக்காதவன் ராஜதந்திரி அல்ல.

பெண்கள், பெண்கள் என்று நால்வர் சுற்றி நின்று கேட்கிறீர்கள். கூட்டறிக்கையைப் படித்தீர்களா? பக்திகா, கோஸ்ட், பக்தியா மாகாணங்களில் ஐந்து பிரசவ மருத்துவமனைகள் கட்டித் தருகிறோம். இருபது ஆம்புலன்ஸ் கொடுக்கிறோம், முதல் ஐந்தை ஜெய்சங்கரே கையளித்தார். இவை யாருக்காக? அந்தப் பெண்களுக்காக. வெளியே நின்று கூச்சல் போட்டால் ஒரு பிரசவ அறைகூட எழும்பாது.

நொய்யல் எழுதியது:

அந்தப் பிரசவ மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கப் போவது யார்? 2021-இல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை என்றார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 2024 டிசம்பரில் மிச்சமிருந்த செவிலியர் படிப்பையும் மருத்துவச்சிப் படிப்பையும் நிறுத்தினார்கள். இன்று இருக்கும் மருத்துவச்சிகளுக்கு வயதாகும். அடுத்தவர் வர வழி இல்லை. ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றால் உங்கள் ஐந்து கட்டடத்திலும் ஒரு கர்ப்பிணி படியேறி வந்து என்ன செய்வாள்? கட்டடம் கொடுத்தோம் என்று சொல்லும் முன், அந்தப் படிப்பைத் திறந்தால்தான் கட்டடம் என்று ஒரு வரி கூட்டறிக்கையில் சேர்க்க முடியவில்லையா? காஷ்மீர் வரியைச் சேர்க்க முடிந்ததே!

அவர்களுக்குள்ளேயே கேட்டவர் உண்டு. நீங்கள் பெருமையாகக் குறிப்பிட்ட ஸ்டானிக்சாய், நம் டேராடூன் அகாடமியில் படித்தவர், பெண் கல்வித் தடை தவறு என்று பொதுமேடையில் சொன்னார். பிறகு நாட்டை விட்டே வெளியேற வேண்டி வந்தது. அவர் கேட்ட அளவுக்காவது நாம் கேட்டோமா? ஐ.நா. பொதுச் சபையில் 2025 ஜூலையில் ஆப்கன் தீர்மானம் வந்தபோது 116 நாடுகள் ஆதரித்தன. நாம் விலகி நின்றோம். அறைக்குள்ளும் கேட்கவில்லை, சபையிலும் கேட்கவில்லை.

கடலோடி எழுதியது:

இதுதான் கேள்வி. மருத்துவச்சி எங்கே, பொருநையாரே?

பொருநைக்கரையான் எழுதியது:

மருத்துவச்சி எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், கந்தஹாரில் உட்கார்ந்திருக்கும் தலிபான் தலைவர் அகுந்த்சாதாவைக் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு தூதர் வேண்டும். தூதர் இருக்க ஒரு தூதரகம் வேண்டும். அதைத்தான் திறந்திருக்கிறோம்.

அறை விஷயத்தில் யாரும் இதுவரை எனக்குப் பதில் சொல்லவில்லை. அறை யாருடையது?

நொய்யல் எழுதியது:

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதே தூதரகம், அதே முத்தாகி. பெண் செய்தியாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பெண் கல்வியைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார்கள். முதல் நாள் நடந்தது வேண்டுமென்றே செய்ததல்ல, ஏற்பாட்டுக் கோளாறு என்றார் அவர். இரண்டே நாளில் கதவு திறந்திருக்கிறது. பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன, எதிர்க்கட்சிகள் கேட்டன. ஆண் செய்தியாளர்கள் எழுந்து வெளியேறியிருக்க வேண்டும் என்று ப. சிதம்பரமே எழுதினார். சத்தம் போட்டதால் திறந்த கதவு அது. முதல் நாளே நம் அமைச்சகம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே திறந்திருக்கும்.

பொருநைக்கரையான் எழுதியது:

நீங்களே என் வாதத்தை நிரூபித்துவிட்டீர்கள். மூடியதும் அவர்கள், திறந்ததும் அவர்கள். சாவி அவர்களிடம் இருந்தது என்று நான் சொன்னபோது கொடியைக் காட்டினீர்கள். இப்போது திறந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

பரங்கிமலைக்காரர் எழுதியது:

ஹக்கானி பற்றி நான் கேட்டதற்குப் பதில் ராவல்பிண்டி என்று வந்தது. குண்டை வைத்த கை எது என்றுதான் கேட்டேன். ஏவியது யார் என்று கேட்கவில்லை.

பொருநைக்கரையான் எழுதியது:

ஐயா, பதில் சொல்லிவிட்டேன். மேலே படியுங்கள்.

பரங்கிமலைக்காரர் எழுதியது:

படித்தேன். இல்லை.

நொய்யல் எழுதியது:

அழைத்தது யார் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கூடவே இன்னொன்றும். 2021 ஆகஸ்ட் 20 அன்று ரங்கினா கர்கர் என்ற ஆப்கன் பெண் நாடாளுமன்ற உறுப்பினர், ராஜதந்திரக் கடவுச்சீட்டோடு டெல்லி விமான நிலையத்தில் இறங்கினார். பல மணி நேரம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினோம். பிறகு நம் அரசே வருத்தம் தெரிவித்தது. சில நாளில், ஆகஸ்ட் 25 அன்று, ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை ஒட்டுமொத்தமாகச் செல்லாது என்று அறிவித்தோம். இங்கே இடம் கிடைத்த மாணவிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கதவு மூடியது யார்? அந்த விமான நிலையமும் தலிபானின் அறைதானா?

பொருநைக்கரையான் எழுதியது:

அது பாதுகாப்பு நடவடிக்கை. காபூலில் விசா பதிந்த கடவுச்சீட்டுகள் காணாமல் போயின என்ற தகவலின் பேரில் எடுத்தது. அன்று அந்த நிலையில் எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். 2025 ஏப்ரலில் ஆப்கானியர்களுக்குப் புதிய விசா முறையே வந்துவிட்டது. அதை மட்டும் விட்டுவிட்டு எழுதினீர்களே, ஏன்? 2022 பிப்ரவரியிலிருந்து 50,000 டன் கோதுமை கொடுத்தோமே, அதை ஏன் எழுதவில்லை? முதல் ஐம்பது லாரிகள் அட்டாரியில் வரிசை கட்டி நின்றபோது அவை எல்லாம் ஆப்கன் லாரிகள், ஆப்கன் ஓட்டுநர்கள். பாகிஸ்தான் வழி விடுவதற்கே மாதக் கணக்கில் பேச வேண்டியிருந்தது. பசியைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசவில்லை.

ஐ.நா. விஷயத்திலும் பாதி உண்மை சொல்லியிருக்கிறீர்கள். எதிர்த்து வாக்களித்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும். நாம் எதிர்க்கவில்லை, விலகினோம். வெறும் தண்டனையால் பலன் வராது என்று காரணத்தையும் நம் பிரதிநிதி சபையிலேயே சொன்னார். விலகியதைத் தலிபானுக்கு ஆதரவு என்று திரிப்பது நியாயமா?

நொய்யல் எழுதியது:

கோதுமையை அனுப்புங்கள் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஐ.நா.வில் "ஆதரவு" என்று நான் எந்த வரியில் எழுதினேன்? வரியைக் காட்டுங்கள்.

பொருநைக்கரையான் எழுதியது:

வரி இல்லை, தொனி இருக்கிறது. மருத்துவச்சி பற்றி எழுதிய பதிவின் கடைசி இரண்டு வாக்கியம். எல்லோருக்கும் புரிந்தது.

கடலோடி எழுதியது:

எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தில் "விலகி நின்றோம்" என்றும் "கேட்கவில்லை" என்றும்தான் இருக்கிறது. சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் புதிதல்ல.

பொருநைக்கரையான் எழுதியது:

மாலத்தீவு இழையில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வாருங்கள், கடலோடி. அதுவரை உங்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

சட்டக்கல்லூரி மாணவன் எழுதியது:

விலகி வாக்களிப்பது, எதிர்ப்பது, கலந்துகொள்ளாமல் இருப்பது, இம்மூன்றும் ஐ.நா. நடைமுறையில் வெவ்வேறு. யாராவது கேட்டால் விளக்குகிறேன்.

நொய்யல் எழுதியது:

வரியைக் காட்டச் சொன்னேன், பொருநைக்கரையான். தொனியை அல்ல.

பொருநைக்கரையான் எழுதியது:

காட்டிவிட்டேன். இன்னும் வேண்டுமானால் இரவு விரிவாக எழுதுகிறேன். சாபஹார் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.